பதிவேட்டில் ஒரு வரி

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து முற்பகல் ஒன்றில், நமது பங்கு இல்லத்தின் வாசலில் ஒரு வாடகை வண்டி வந்து நின்றது. அண்ணனும் தங்கையுமாக இருவர் இறங்கினர். இருவரும் எழுபதை நெருங்கியவர்கள். முகமும் நிறமும் நம் மக்களுடையவை. பேச்சு மட்டும் ஆங்கிலம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். அண்ணன் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். அவர் தம் தோள்பையிலிருந்து ஒரு நகல் தாளை எடுத்து நம் மேசைமேல் விரித்தார். "எங்கள் தாத்தாவின் தந்தை இந்த ஊரிலிருந்து கப்பலேறியவர். அவருடைய பெயர் உங்கள் கோவில் ஏட்டில் இருக்குமா?" என்று கேட்டார்.

பழைய ஏடுகள் வைத்திருக்கும் அலமாரி நமக்குப் பின்னால்தான் இருந்தது. சாவியும் நம் இடுப்பில்தான் இருந்தது. ஆயினும் உடனே எழுந்து அதைத் திறக்க நம் கை துணியவில்லை. அந்தத் தயக்கத்துக்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பின்னர் சொல்வோம். முதலில் அந்தத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அது ஒரு கப்பல் பட்டியலின் பக்கம். சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டால் குடியேற்ற நாட்டுக்குக் கூலிகளாக அனுப்பப்பட்டவர்களைக் கட்டம் கட்டமாக எழுதி வைத்த பட்டியல். முதல் கட்டத்தில் ஓர் எண். அடுத்தடுத்த கட்டங்களில் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். பிறகு உடம்பில் உள்ள தழும்பு, மச்சம் முதலிய அடையாளங்கள். நம் விருந்தினர்களின் மூதாதை 1890களின் தொடக்கத்தில் கப்பலேறியவர். வயது 22 என்று குறித்திருந்தது. சாதிக் கட்டத்தில் 'கிறிஸ்தவர்' என்ற ஒரே சொல். வலது புருவத்தின்மேல் தழும்பு. அந்த மனிதரின் பெயரையும் ஊரின் பெயரையும் நாம் இங்கே குறிப்பிடவில்லை. அவை அந்தக் குடும்பத்துக்கு உரியவை. ஒரு புனிதரின் பெயர் என்பதும், நம் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் தாங்கும் பெயர் என்பதும் போதும்.

இந்தப் பட்டியல்கள் உருவான வரலாற்றைச் சிறிது நினைவுகூர்வோம். பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் 1833இல் இயற்றப்பட்டு, 1834 ஆகஸ்ட் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு மலிவான ஆட்கள் வேண்டியிருந்தனர். அதே 1834இல் மொரீசியசுக்கு இந்தியக் கூலிகளின் பயணம் தொடங்கியது. நேட்டாலுக்கு முதல் கப்பலான 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16ஆம் நாள் டர்பன் துறையை அடைந்தது. அதில் ஏறத்தாழ 340 பேர் இருந்தனர். அந்த முதல் கப்பலிலேயே கிறிஸ்தவர்களும் இருந்தனர். 1911இல் இம்முறை நிறுத்தப்படும் வரை நேட்டால் சென்று சேர்ந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையிலிருந்து சென்றவர்கள்; வடஆற்காடு ஜில்லாவிலிருந்து மட்டும் பல்லாயிரவர்.

ஏன் போனார்கள்? ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டார்கள் என்பதே குடும்பங்களில் வழங்கும் கதை. அது பலரைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் ஏமாற்றப்படுவதற்கும் ஒரு காரணம் வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சம் வடஆற்காட்டு ஏரிகளை மட்டுமன்றி, மனிதரின் பற்றுகளையும் வற்றச் செய்தது. நிலமற்றவனுக்குக் கடன் ஒன்றே மிச்சமிருந்த காலத்தில், முதலாம் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் உயர்வு, உணவும் இருப்பிடமும் இலவசம் என்று ஆள்கட்டி வந்து சொன்னால், அவன் கடலை எண்ணி அஞ்சுவானா, வயிற்றை எண்ணி அஞ்சுவானா? ஐந்தாண்டு ஒப்பந்தம். பத்தாண்டு அங்கே இருந்துவிட்டால் திரும்பி வரக் கப்பல் இலவசம். பலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை. ஒப்பந்தம் முடிந்தும் தங்க நினைத்தவர்கள்மேல் 1895ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி விதித்தது. காந்தியடிகள் நடத்திய அறப்போராட்டத்தின் பயனாக 1914இல்தான் அந்த வரி நீங்கியது.

பட்டியலின் முதல் கட்டத்தில் உள்ள எண்ணுக்கு வருவோம். கரையிறங்கிய நாள்முதல் அந்த எண்ணே அவன். கூலி பெறுவதும், அனுமதிச் சீட்டு வாங்குவதும், திருமணத்தைப் பதிவு செய்வதும் அந்த எண்ணைக் கொண்டே. மனிதனை எண்ணாக்கிய கொடுமையை நாம் எத்தனை முறை கண்டித்தாலும் தகும். ஆயினும், இன்று அந்த எண்தான் பேரப்பிள்ளைகளுக்கு உதவுகிறது. ஒரு பழைய திருமணச் சான்றிலோ மரணச் சான்றிலோ அந்த எண் கிடைத்துவிட்டால், கப்பல் பட்டியலில் அந்த வரியைக் கண்டுபிடித்துவிடலாம். பட்டியல்கள் இப்போது கணினியில் ஏற்றப்பட்டுள்ளன. நம் விருந்தினர்களும் அவ்வாறே கண்டுபிடித்தனர்.

இத்தனை காலம் ஏன் தேடவில்லை என்று நாம் கேட்டோம். "தேட வழி இருக்கவில்லை" என்றார் அண்ணன். தென்னாப்பிரிக்காவில் இந்தியருக்கு இழைக்கப்பட்ட அநீதியை எதிர்த்து 1946இலேயே இந்தியா அந்நாட்டோடு வணிக உறவைத் துண்டித்தது. தூதரக உறவு மீண்டும் மலர்ந்தது 1993இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஒரு தலைமுறை முழுவதும் தமிழை வீட்டிலேயே இழந்துவிட்டது. இவ்விருவருக்கும் எஞ்சியிருந்த தமிழ் பத்துப் பதினைந்து சொற்கள்: தாத்தா, ஆயா, சோறு, ரசம், அடுப்பு. பாட்டியை 'ஆயா' என்றழைக்கும் வழக்கம் நம் வடமாவட்டங்களுக்கு உரியது என்பதை வாசகர் அறிவர். கப்பல் பட்டியலுக்கு முன்பாகவே அந்த ஒரு சொல் அவர்களுடைய ஊரின் திசையைக் காட்டியிருக்கிறது. அவர்கள் அதை அறிந்திருக்கவில்லை.

ஊரைக் கண்டுபிடிப்பதும் எளிதாக இருக்கவில்லை. பட்டியலில் உள்ள ஜில்லா இன்று இல்லை. 1911இல் வடஆற்காட்டின் சில தாலுகாக்கள் புதிய சித்தூர் மாவட்டத்துக்குச் சென்றன. 1989இல் எஞ்சியது இரண்டாயிற்று. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. அதோடு, நல்லூரும் புதூரும் மங்கலமும் நம் நாட்டில் எத்தனை! இரண்டு நாட்களுக்கு முன் இவர்கள் அதே பெயருள்ள வேறொரு சிற்றூருக்குச் சென்றிருந்தனர். அங்கிருந்தவர்கள் இளநீர் கொடுத்து உபசரித்து, "இந்த ஊரில் கிறிஸ்தவர்கள் எக்காலத்திலும் இருந்ததில்லை" என்று சொல்லி அனுப்பினர். அப்பெயருள்ள இன்னோர் ஊரில் கோவில் உண்டு என்று வண்டியோட்டி விசாரித்து நம்மிடம் அழைத்து வந்திருக்கிறார்.

இனி அலமாரியைத் திறக்க வேண்டிய நேரம் வந்தது. திறந்தோம்.

ஒவ்வொரு பங்கிலும் திருமண ஏடு வைக்கப்பட வேண்டும், திருமுழுக்கில் ஞானப் பெற்றோரின் பெயர்கள் எழுதப்பட வேண்டும் என்று திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் ஆணையிட்டது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், குடும்பக் கணக்கு, இறப்பு ஆகிய ஐந்து ஏடுகளுக்கும் எழுதும் முறையை வகுத்துத் தந்தது. அந்த முறையைத்தான் பிரெஞ்சு வேதபோதகர்கள் வடஆற்காட்டின் பனைமரக் காடுகளுக்கும் கொண்டுவந்தனர். குடிசைக் கோவிலில் மண்ணெண்ணெய் விளக்கடியில் அமர்ந்து, அன்றைய திருமுழுக்குகளை லத்தீனில் எழுதினர். பஞ்ச காலத்தில் சேத்துப்பட்டுப் பகுதியில் தாராஸ் அடிகளார் போன்றோரிடம் திரளாக மக்கள் வந்து மறையைத் தழுவினர் என்பது நாம் அறிந்த வரலாறு. அத்தனை நெருக்கடியிலும் ஏட்டை எழுதாமல் விடக்கூடாது என்று அவர்கள் கருதினர்.

எழுதியவர்கள் பிரெஞ்சுக்காரர், கப்பல் பட்டியலை எழுதியவர்கள் ஆங்கில அலுவலகத்து எழுத்தர்கள். ஒரே தமிழ்ப் பெயர் இரண்டு வேறு காதுகளில் விழுந்து, இரண்டு வேறு எழுத்துக் கூட்டல்களாக நம் மேசைமேல் கிடந்தது. வாய்விட்டுப் படித்தால் மட்டுமே இரண்டும் ஒன்றாயின. எனவே நாம் மூவரும் பள்ளிப் பிள்ளைகள்போல் உரக்கப் படித்துக்கொண்டே பக்கங்களைப் புரட்டினோம்.

1870ஐ ஒட்டிய ஆண்டுகளில் அந்தப் பெயர் இரண்டு முறை வந்தது. ஊரும் ஒன்றே. தகப்பன் பெயரும் ஒன்றே. தாயின் பெயர் மட்டும் வேறு வேறு. அண்ணன் இரு வரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "எது எங்கள் மனிதர்?" என்றார். கப்பல் பட்டியலில் தாயின் பெயர் கேட்கப்படவில்லை.

நாம் மற்ற ஏடுகளை எடுத்தோம். இருவரில் ஒருவருக்குத் திருமண ஏட்டில் ஒரு வரியும், 1900க்குப் பின் இறப்பு ஏட்டில் ஒரு வரியும் கிடைத்தன. அவர் இங்கேயே வாழ்ந்து இங்கேயே அடங்கியவர். மற்றவருக்குத் திருமுழுக்குக்குப் பின் ஒன்றுமே இல்லை. திருமணமில்லை, அடக்கமில்லை. ஊரைவிட்டுப் போனவனை ஏடு இப்படித்தான் காட்டுகிறது.

ஆனால் அதுவே சான்றாகிவிடாது. பஞ்சத்தில் சிறுவனாகவே இறந்திருக்கலாம். அந்த மாதங்களில் அடக்கங்களையெல்லாம் எழுதி முடிக்க யாருக்குத் தெம்பிருந்தது? அல்லது 1880 முதல் சுரங்க வேலைக்கு ஆள் திரண்ட கோலார் தங்கவயலுக்குப் போயிருக்கலாம். நம் பக்கத்துக் குடும்பங்கள் பல அங்கே சென்று நிலைத்தவை. இதையெல்லாம் நாம் விளக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாதிருந்த தங்கை, "அந்தத் தாயின் பெயரை இன்னொரு முறை படியுங்கள்" என்றார். படித்தோம். அவர் தம் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தார். டர்பன் பங்கு ஒன்றிலிருந்து பெற்ற திருமுழுக்குச் சான்று. கப்பலேறியவருக்கு அங்கே பிறந்த தலைமகளுடையது. அந்தக் குழந்தைக்கு இடப்பட்டிருந்த பெயர், நம் ஏட்டில் இருந்த தாயின் பெயரே.

பெயரன் என்பதே பேரனாயிற்று. பெயர்த்தி என்பதே பேத்தியாயிற்று. தலைமகனுக்குத் தந்தையைப் பெற்றவரின் பெயரையும், தலைமகளுக்குத் தந்தையைப் பெற்றவளின் பெயரையும் இடுவது நம் வழக்கம். எண்ணாக எழுதப்பட்டு, கடல் கடந்து, கரும்புக் கொல்லையில் நின்ற ஒருவன், தன் தாயின் பெயரைத் தன் முதல் மகளுக்கு இட்டிருக்கிறான். இது நீதிமன்றம் ஏற்கும் சான்று அன்று. அன்னை மரியாவின் திருப்பெயர்களில் ஒன்றான அதை அக்காலத்தில் பலரும் இட்டிருப்பார்கள். ஆயினும் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த மூவருக்கும் அது போதுமானதாக இருந்தது.

டர்பன் சான்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நேட்டாலில் இறங்கிய கத்தோலிக்கத் தமிழர்கள் மேய்ப்பரின்றி விடப்படவில்லை. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருவான சபோன் அடிகளார், முதல் கப்பல்கள் வந்த காலத்திலேயே டர்பனில் அவர்களைத் தேடிச் சென்றார். அவர்களுக்காகவே தமிழ் கற்றார். அங்கே தமிழர் வீட்டுப் பெயர்கள் விதவிதமாக உருமாறின. முதலி 'மூட்லி' ஆயிற்று. கவுண்டர் 'கவெண்டர்' ஆயிற்று. தகப்பனின் சொந்தப் பெயரே குடும்பப் பெயராக உறைந்துவிட்டதும் உண்டு. கூலிப் பெற்றோருக்கு நேட்டாலில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து வழக்கறிஞராகி, காந்தியடிகளோடு அறப்போராட்டத்தில் சேர்ந்து சிறை சென்ற ஒருவரின் பெயர் ஜோசப் ராயப்பன். பேதுருவை 'இராயப்பர்' என்று போற்றும் தமிழ்க் கத்தோலிக்க மரபிலிருந்து எழுந்த பெயர் அது. அதேபோல், ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சிறையில் நோயுற்று, 1914இல் பதினாறு வயதில் உயிர்நீத்த வள்ளியம்மையை நாம் 'தில்லையாடி வள்ளியம்மை' என்றே அழைக்கிறோம். தில்லையாடி அவருடைய பெற்றோர்வழி ஊர். பிறந்த மண்ணைவிட முன்னோரின் மண் அப்பெண்ணின் பெயரோடு அழியாமல் ஒட்டிக்கொண்டது.

இனி, சொல்லத் தயங்கியும் சொல்லியாக வேண்டிய ஒன்று.

நம் ஏட்டிலும் சாதிக்கு ஒரு கட்டம் உண்டு. நேட்டால் பட்டியலில் 'கிறிஸ்தவர்' என்று மட்டும் எழுதிக்கொண்டவனுக்கு, தாய்த் திருச்சபையின் ஏட்டில் அவனுடைய சாதி, அன்றைய இழிவழக்கின்படியே எழுதப்பட்டிருந்தது. டர்பன் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்த கதை வேறு: நிலமும் மாடுமாக வாழ்ந்த குடும்பம், தரகனின் பேச்சில் மயங்கி ஒரே மகன் கப்பலேறினான் என்பது. அண்ணன் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "இங்கே என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டார்.

மழுப்பிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. லத்தீன் அவருக்குத் தெரியாது. 'ஊரைக் குறிக்கும் சொல்' என்று சொல்லிவிட்டால் அவர் மகிழ்ச்சியோடு திரும்பிப் போவார். ஆனால் பன்னிரண்டாயிரம் முறைகூடப் பொய் சொல்லிப் பழகியவர்களுக்கும், கோவில் ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு பொய் சொல்வது கடினம். உள்ளதைச் சொன்னோம். நிலம் இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதையும், அக்காலத்தில் அச்சொல் எதைக் குறித்தது என்பதையும், இக்காலத்திலும் அது முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதையும், நம் கோவில்களும் கல்லறைகளும் அந்தப் பாவத்திலிருந்து விலகி நிற்கவில்லை என்பதையும் சொன்னோம்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்கள் நாட்டிலும் ஒரு கட்டம் இருந்தது, சாமி. 1950இல் சட்டம் போட்டு ஒவ்வொருவரையும் இனவாரியாகப் பதிவு செய்தார்கள். அந்தக் கட்டத்தில் எழுதியதை வைத்துத்தான் எந்தப் பள்ளி, எந்தத் தெரு, எந்தக் கடற்கரை என்று முடிவாயிற்று. எங்கள் வீடு கேட்டோ மேனரில் இருந்தது. அங்கிருந்து எங்களை வெளியேற்றினார்கள். அந்தக் கட்டத்தைக் கண்டு நான் வெட்கப்பட்டதில்லை. அதை எழுதியவர்கள்தான் வெட்கப்பட வேண்டும்." அச்சட்டம் அங்கே 1991இல் நீக்கப்பட்டது. அவர் 'எழுதியவர்கள்' என்று சொன்னபோது நம் கையிலிருந்த ஏடு கனத்தது.

பிற்பகலில் மூவரும் அந்தக் கிளைக்கிராமத்துக்குச் சென்றோம். தங்கை கல்லறையைப் பார்க்க விரும்பினார். முப்பாட்டியின் கல்லறையில் ஒரு மெழுகுதிரி ஏற்ற வேண்டும் என்பது அவருடைய எண்ணம். ஏழைகளின் கல்லறையில் கல் ஏது? மண்மேடும் ஒரு மரச்சிலுவையும் இரண்டு மழைக்காலம் நிற்கும். பிறகு அவ்விடம் அடுத்தவருக்கு. எனவே தோட்டத்தின் நடுவே நிற்கும் பொதுச் சிலுவையின் அடியில் திரியை ஏற்றினார். அந்தத் தாய்க்கு இவ்வுலகில் எஞ்சியிருப்பது, மகனின் திருமுழுக்கு வரியில் உள்ள அவளுடைய பெயர் ஒன்றே.

கூட்டம் கூடிவிட்டது. மூதாட்டி ஒருவர் முன்னால் வந்து நம்மிடம் கேட்டார்: "சாமி, இவங்க எந்தப் பக்கத்து ஆளுங்க? ஊருப் பக்கமா, நம்ம பக்கமா?"

"நம்ம பக்கந்தாம்மா" என்றோம்.

அவர் தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்ப எங்கூட்டுல சோறு துன்னுட்டுத்தான் போவணும்" என்றார்.

நாம் மொழிபெயர்க்க வாயெடுத்தோம். தங்கை கையமர்த்தினார். "சோறு" என்றார், "புரிந்தது." அந்த வீட்டில் வைத்த ரசத்தின் பெயரையும் அவரே சொன்னார். அவர்கள் யாருடைய நேரடி உறவினர் என்பதை அன்று எவராலும் நிறுவ முடியவில்லை. சோறு போட்டவர்கள் அதைக் கேட்கவும் இல்லை.

இப்போது நம் தயக்கத்தின் காரணத்தைச் சொல்வோம்.

குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு, வேறொரு பழைய பங்கில் நாம் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். திருப்பண்ட அறையைப் புதுப்பிக்கும் வேலை நடந்தது. ஒரு மரப்பெட்டியின் அடியில் கரையான் அரித்த நான்கைந்து ஏடுகள் கிடந்தன. தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தொட்டால் உதிர்ந்தன. வயதான உபதேசியார் அவற்றைத் துண்டில் ஏந்திக்கொண்டு வந்து, "சாமி, இதுல இன்னும் எழுத்து இருக்குதுங்க" என்றார். இரண்டு பக்கம் புரட்டிப் பார்த்தோம். "இனி இவற்றை யார் படிக்கப் போகிறார்கள்? குப்பையோடு சேர்த்து எரித்துவிடுங்கள்" என்றோம். அப்போது நமக்கு வயது முப்பதுகூட இல்லை. லத்தீனும் திருச்சபை வரலாறும் கற்றவர்தாம். பழைய ஏடுகளைக் கவனத்தோடு பாதுகாக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத்தின் 535ஆம் எண் கூறுவதையும் படித்தவர்தாம். உபதேசியார் மறுத்துப் பேசவில்லை. கோவிலின் பின்புறம் எழுந்த புகையை அவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் நினைவில் இருக்கிறது.

டர்பன் சகோதரர்கள் வந்த அன்று, அவர்கள் இந்தப் பங்கைத் தேடி வந்திருக்கிறார்களே, அந்தப் பங்கைத் தேடி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம் என்ற கேள்வி நம்மை வாட்டியது. அங்கிருந்தும் கப்பலேறியவர்கள் இருந்திருப்பார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் ஒருநாள் கையில் ஒரு நகலோடு வந்து நிற்கலாம். அவர்கள் முன் விரித்து வைக்க அங்கே ஒன்றும் இல்லை, எரித்தது நாம்.

பாபிலோனிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி எஸ்ரா நூலின் இரண்டாம் அதிகாரம் ஒரு செய்தியைச் சொல்கிறது. குருக்கள் குடும்பத்தார் சிலர் தங்கள் தலைமுறைப் பதிவைத் தேடினர், கிடைக்கவில்லை. அதனால் குருத்துவப் பணியிலிருந்து அவர்கள் விலக்கி வைக்கப்பட்டனர். பல ஆண்டுகளாக நாம் இப்பகுதியைப் பெயர்ப் பட்டியல்தானே என்று கடந்து சென்றிருக்கிறோம். இப்போது அதைப் படிக்கும்போது, விலக்கப்பட்டவர்களை மட்டுமல்ல, அந்தப் பதிவைத் தொலைத்தவர்களையும் எண்ணுகிறோம். அவர்கள் யாரென்று விவிலியம் சொல்லவில்லை.

பயணிகள் ஊர் திரும்பிய பின், நம் பங்கிலுள்ள பழைய ஏடுகள் அனைத்தையும் நிழற்படம் எடுத்து ஆயர் இல்லத்துக்கு ஒரு படி அனுப்பினோம். பங்கு இளைஞர்கள் சிலர் வரி வரியாகத் தமிழில் படியெடுத்து வருகின்றனர். சாதிக் கட்டத்தை என்ன செய்வது என்று அவர்கள் கேட்டனர். உள்ளபடியே எழுதச் சொன்னோம். அதை அழித்துவிட்டால், அந்த மனிதன் கப்பலில் ஏறியபோது 'கிறிஸ்தவர்' என்று மட்டும் சொல்லிக்கொண்டதன் பொருளும் அழிந்துவிடும்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலும் பழைய திருமுழுக்குச் சான்று, குடும்ப அட்டை, பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ வந்த கடிதம் எதுவும் இருக்கக்கூடும். படிக்க முடியவில்லை என்பதற்காக எறிந்துவிடாதீர்கள். உங்களால் படிக்க முடியாததைப் படிக்கத் தெரிந்த ஒருவர் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கலாம். வீட்டில் முதியவர்கள் இருந்தால், அவர்களுடைய பெற்றோர் யார், அவர்களைப் பெற்றவர் யார் என்று இன்றே கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தாய்மாரின் பெயர்களைத் தவறாமல் எழுதுங்கள்.

சென்ற ஞாயிறு ஓர் ஆண் குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தோம். தகப்பன் குவைத்தில் வேலை பார்க்கிறார், விடுப்புக் கிடைக்கவில்லை. கைப்பேசித் திரையில் அவருடைய முகம் தெரிய, தாய் குழந்தையை ஏந்தி நின்றாள். சடங்கு முடிந்ததும் ஏட்டை விரித்தோம். முன்பெல்லாம் எழுத்தரிடம் விட்டுவிடுவோம். இப்போது நாமே எழுதுகிறோம். குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர். "உன் ஊர் எது அம்மா?" என்று அவளைக் கேட்டோம். சொன்னாள். "அதே பெயரில் மூன்று ஊர் உண்டே, எந்தத் தாலுகா?" என்றோம். வியப்போடு பார்த்துவிட்டு அதையும் சொன்னாள். தெளிவாக, முழுமையாக எழுதினோம். மை உலரும் வரை ஏட்டை மூடவில்லை.